புள்ளிக்கண் ஈக்களும் விதானையாரின் கதிரையும்

எங்கள் ஊரில் ஈ எப்போதும் இருந்தது. அது ஒரு பிரச்சினையானது, பட்டாளத்து முகாமில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சூப்பில் விழுந்த பிறகுதான். அதிகாரி புத்தளத்துக்கு எழுதினார்; புத்தளம் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டரை அனுப்பியது. அதே கிழமையில் நானும் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஈக்களோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். இவை இரண்டும் ஒரே கிழமையில் நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் ஊர் என்றால் யாராவது பொறுப்பாக இருந்தாக வேண்டும்.

நான் கொழும்பில் விலங்கியல் படித்துவிட்டு, பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். யப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் கட்டடத்தை இராணுவம் எடுத்துக்கொண்டது. பேராசிரியர் தமது பழ ஈ இனங்களை உதவியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் உயிரோடு வைத்திருக்கச் சொன்னார். எனக்கு வந்தது புள்ளிக்கண் இனம். சாதாரண பழ ஈக்குக் கண் முழுச் சிவப்பு. இதற்கோ சிவப்பும் வெள்ளையும் கலந்து, சுண்ணாம்புச் சுவரில் வெற்றிலை துப்பியதுபோல் இருக்கும். இலங்கையில் வேறு எவரிடமும் அது இல்லை. வெளிநாட்டிலிருந்து மறுபடி எடுப்பிக்க யுத்தம் முடிய வேண்டும். என் ஆராய்ச்சி முழுவதும் அந்தக் கண்களைப் பற்றியது.

"ஈக்கள் உயிரோடு வந்தால் நீயும் வரலாம்" என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் சொன்னார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புத்தளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, களப்பு வழியாக வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் கண்டக்குழிப் பாதையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தேன். பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டில் அம்மா மூடியைத் திறந்தார். வாயில் பஞ்சு அடைத்த போத்தல்கள் வரிசையாக இருந்தன.

"என்ன பிள்ளை இது, ஊறுகாயோ?"

"ஈ, அம்மா."

"செத்ததோ?"

"இல்லை, உயிரோடதான்."

அம்மா மூடியை மெதுவாக மூடினார். "ஈ வளர்க்கவோ உன்னைக் கொழும்புக்கு விட்டனாங்கள்? இஞ்ச இருந்து கேட்டிருந்தா நான் சும்மாவே தந்திருப்பன்."

ஈக்களுக்கு என்னென்ன வேண்டும் என்று நான் வரும் வழியிலேயே மனதில் வரிசைப்படுத்தியிருந்தேன். எனக்கு அது பழக்கம். வரிசைப்படுத்தாத எதையும் நான் நம்புவதில்லை. கனிந்த வாழைப்பழம், கருப்பட்டி, ரவை, புளிக்க வைக்க ஒரு துளி கள்ளு, எல்லாவற்றையும் கெட்டியாக்க ஒரு பாசி. ஆய்வுகூடத்தில் அந்தப் பாசி யப்பானிலிருந்து தூளாக வந்துகொண்டிருந்தது. யப்பானோடு சண்டை வந்த பிறகு அது நின்றுபோயிற்று. ஆனால் எங்கள் களப்பில் அதே குணமுள்ள பாசி இருக்கிறது. கற்பிட்டியில் பழக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்கள் எல்லோருக்கும் நானா, அதை நோன்புக் காலத்துக்கென்று காயவைத்து வைத்திருப்பார்.

"பாசி தாறன், தங்கச்சி. நாங்க நோன்பு துறக்க காய்ச்சிக் குடிக்கிறது. நீங்க யாருக்கு?"

"ஈக்கு, நானா."

அவர் பாசியை நிறுத்துக் கட்டினார். "பசியோட இருக்கிற மக்லூக்குக்கு குடுக்கிறது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, அழுகின பழத்தில் பெரியதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மக்லூக் என்றால் படைப்பு. ஊரில் என் ஈக்களை இறைவனின் படைப்பு என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவரே என்றுதான் சொல்ல வேண்டும்.

வெக்கைதான் என் பெரிய கவலை. போத்தல்களைத் தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈர மணலில் புதைத்து வைத்தேன். அடுப்பங்கரைப் பக்கம் மறந்து வைத்த ஒரு போத்தலில் பிறந்த ஈக்களுக்குக் கண்ணில் சிவப்புக் கூடிப்போயிருந்தது. எனக்கு அது ஆச்சரியமில்லை. ஏன் என்று அம்மாவின் தம்பிக்கு விளங்கப்படுத்த வேண்டி வந்தது.

மாமா கரைவலையில் முன்னின்று வேலை வாங்குகிறவர். அவர் எங்கள் கரையில் நின்று கூப்பிட்டால் கண்டக்குழியில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் கைக்கண்ணாடியால் ஈயைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கண்ணில ஏதும் நோய் வருத்தமோ?" என்றார்.

"வருத்தம் இல்லை, மாமா. ஒவ்வொரு உயிரணுவுக்கு உள்ளேயும் நூல் மாதிரி ஒண்டு இருக்கு, குரோமோசோம். கண்ணுக்குச் சிவப்புக் குடுக்கிற ஜீன் அந்த நூலில ஒரு இடத்தில இருக்கு. நூல் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. சில இடம் தளர்ந்து விரிஞ்சு இருக்கும். சில இடம் இறுக்கிச் சுருட்டி இருக்கும். சாயம் போட்டா அந்த இடம் கறுப்பாத் தெரியும். இந்த ஈயின்ர முப்பாட்டனுக்கு எக்ஸ்றே பட்டு நூல் முறிஞ்சு, தலைமாறி ஒட்டிப்போச்சு. ஒட்டேக்குள்ள, சிவப்புக் குடுக்கிற ஜீன் இறுகின துண்டுக்குப் பக்கத்தில போய் மாட்டுப்பட்டுட்டு."

"அதால பழுதாப்போச்சு?"

"இல்லை. அதுதான் விசயம். ஜீன் முழுசா நல்லாத்தான் இருக்கு. வலையைச் சுருட்டி வள்ளத்தில போட்டா மீன் படுமோ? வலையில ஓட்டை இல்லை, ஆனா படாது. அப்பிடி. பக்கத்தில இருக்கிற இறுக்கம் சில உயிரணுவில இதின்ர மேலயும் பரவி அமுக்கிப்போடும். அந்த இடம் வெள்ளை. சிலதில பரவாது. அந்த இடம் சிவப்பு. வெக்கை கூடினா அமுக்கம் கொஞ்சம் குறையும். ஜீனை அந்த இடத்தை விட்டு விலக்கினா, பழையபடி முழுச் சிவப்பு."

மாமா கண்ணாடியைத் திருப்பித் தந்தார். "அப்ப அதுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் சரியில்லை."

பேராசிரியர் ஒரு மணித்தியாலம் படம் கீறி எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

இதற்கிடையில் இன்ஸ்பெக்டர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் ஊர் ஈ எங்கிருந்து வருகிறது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். கடற்கரையில், ஊர் அதிகாரியான விதானையார் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடி இருந்தது. மீன் கழுவிய தண்ணீரும் குடலும் செதிலும் அங்கேயே மணலில் கிடந்து நொதிக்கும். காற்று வாடைப் பக்கம் மாறினால் மாதா கோயிலுக்குள் பூசை நடக்கும்போதே மணம் வரும். சுவாமியார் சாம்பிராணியைக் கூடப் போடச் சொல்வார். கிணற்றடியில் பெண்கள் அதைப்பற்றித்தான் கதைப்பார்கள். வலை இழுக்கும்போது ஆண்கள் அதைப்பற்றித்தான் கதைப்பார்கள். விதானையார் அந்தப் பக்கம் வந்தால் எல்லோரும் மழையைப்பற்றிக் கதைப்பார்கள்.

விதானையார் இன்ஸ்பெக்டருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, ஊரைக் காட்டினார். வாடியை மட்டும் காட்டவில்லை. அன்றைக்கு அந்தப் பாதையில் மணல் கூடுதலாம். என் போத்தல்களைக் காட்டினார்.

"இந்த ஊரில ஈ இருக்கயில்லை, ஐயா. இப்ப கொழும்பில இருந்து வந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நான் சொன்னேன்: "இது வீட்டு ஈ இல்லை, ஐயா. பழ ஈ. குப்பையிலயும் மீனிலயும் இருக்காது. நோய் பரப்பாது."

"ஈ ஈதானே" என்றார் விதானையார். அப்போது அவருடைய மீசையில் ஒரு பெரிய வீட்டு ஈ வந்து இருந்தது. அவர் அதைத் தட்டிவிட்டார். அது திரும்ப வந்து அதே இடத்தில் இருந்தது. வாடியிலிருந்து அவரோடு கூடவே வந்த ஈ. வேறு இடம் அதற்குப் பழக்கமில்லை.

ஊர்க்கூட்டம் வைத்து முடிவெடுப்பது என்றாயிற்று. மாமா கொதித்தார். எங்கள் முற்றத்தில் நின்று, வேலிக்கு வெளியே போகிறவர்களும் கேட்கட்டும் என்ற குரலில் சொன்னார்: "நான் சொல்றன் பாரன், பிள்ளை. கூட்டத்தில எழும்பி, 'விதானையார், ஈ உம்மட வாடியில இருந்துதான் வருது' எண்டு மூஞ்சிக்கு நேர சொல்லுவன். ஆர் என்ன செய்யிறது எண்டு பாப்பம்."

கூட்டம் கோயில் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஆண்களின் கூட்டம். நாங்கள் வெளியே யன்னலடியில் நின்றோம். முன்னால் இரண்டு கைக்கதிரைகள்: ஒன்றில் விதானையார், ஒன்றில் இன்ஸ்பெக்டர். மாமா மரியாதையான ஆள் என்பதால் அவரை விதானையாருக்கு மறுபக்கம் இன்னொரு கதிரை போட்டு இருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பின்னால் நீள மர வாங்குகளில்.

இன்ஸ்பெக்டர் ஈயின் தீமைகளைப்பற்றி நீளமாகப் பேசினார். பிறகு விதானையார் எழுந்து, ஊரில் ஈ வந்த காரணத்தைக் கண்டுபிடித்தாயிற்று என்றும், வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோயில் முற்றத்தில் எல்லோரும் பார்க்க அந்தப் போத்தல்களை எரிக்கிறது என்றும் சொன்னார். "ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?"

கடைசி வாங்கில் யாரோ 'வாடி' என்று முணுமுணுத்தது யன்னலுக்குக் கேட்டது. நடு வாங்கில் இருவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. மாமா தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். விதானையாரும் தலையைத் திருப்பி, முழங்கை மாமாவின் கையில் படும்படி சாய்ந்து, "சொல்லும்" என்றார்.

"காத்து இண்டைக்குக் கொஞ்சம் கூடத்தான்" என்றார் மாமா.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து மாமா தேத்தண்ணீரைத் தொடவில்லை. "அந்தக் கதிரையில ஏதோ இருக்கு, பிள்ளை. எழும்ப வெளிக்கிட்டனான். தொண்டை அடைச்சுப்போச்சு."

அம்மா விடவில்லை. "கரையில நிண்டு கத்தேக்குள்ள அடைக்காத தொண்டை."

எனக்கு மாமாவில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நான் இத்தனை வருடம் படித்ததில் பயனில்லை. யார் எங்கே இருந்தார்கள், யாருடைய வாய் எவ்வளவு திறந்தது என்று ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். கடைசி வாங்கில் முணுமுணுப்பு, நடுவில் பார்வை, முன்னால் மௌனம். மண்டபம் முழுவதுமே ஒரு புள்ளிக்கண். எல்லோரிடமும் அதே உண்மை முழுசாக, பழுதில்லாமல் இருந்தது.

ஆனால் கண்டுபிடிப்பினால் போத்தல்கள் தப்பாது. ஞாயிறு வந்துகொண்டிருந்தது. இந்த ஈயை ஒளித்து வைத்து வேறு ஈயை எரிக்கலாமே என்று அம்மாகூட யோசனை சொன்னார். ஆனால் விதானையார் எங்கள் வீட்டுப் படலையில் காவலுக்கு ஆள் வைத்திருந்தார்.

உதவி இன்ஸ்பெக்டரிடமிருந்து வந்தது, அவருக்குத் தெரியாமலே. பெண்களுக்கும் சுகாதாரம் போதித்தாயிற்று என்று அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருந்தது. எனவே சனிக்கிழமை இன்னொரு கூட்டம், பெண்களும் உள்ளே வரலாம். மண்டபத்தில் கதிரை வாங்கு போட்டு ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. நான் படித்த பிள்ளை; எரிக்கப்போகும் போத்தல்களின் சொந்தக்காரி என்றாலும், வேறு யாருக்கும் அந்த வேலையில் விருப்பமில்லை.

நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. கோயிலில் எப்படியோ அப்படி: பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம், நடுவில் ஒரு பாதை. பெண்களில் பெரியவர் முன்னால், ஆண்களில் பெரியவர் முன்னால். யாரும் குறை சொல்ல முடியாது. ஆண்களில் பெரியவர் விதானையார். பெண்களில் பெரியவர் அவருடைய மாமியார். மூன்று கரைவலைக்குச் சொந்தக்காரி. வாடி நிற்கும் காணியும் அவருடையதுதான். மகளுக்குச் சீதனம் எழுதும்போது, அந்த ஒரு துண்டை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். நடுப்பாதையை மட்டும் நான் கொஞ்சம் ஒடுக்கமாக விட்டேன். மாமாவுக்கு வாசலோரமாக, வலைகாரர் வாங்கின் நுனியில் இடம் வைத்தேன்.

அந்தக் குடும்பத்தின் வழக்கம் ஊருக்கே தெரியும். விதானையார் மாமியாருக்கு முன்னால் கதிரையில் இருப்பதில்லை. நேரே முகம் பார்த்துக் கதைப்பதும் இல்லை. சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்லுவார், மனைவி தாயிடம் சொல்லுவார். மனைவி இல்லாவிட்டால் சுவருக்குச் சொல்லுவார். மனைவி அப்போது பிள்ளைப்பேற்றுக்கு வீட்டோடு இருந்தார்.

சனிக்கிழமை நல்ல வெக்கை. மாமியார் முதலில் வந்து கைக்கதிரையில் நிறைந்து இருந்து, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். பிறகு விதானையார் வந்தார். தன் கதிரையைப் பார்த்தார். பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, கதிரைக்குப் பின்னால் போய் நின்றார்.

"இருங்க, விதானையார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை ஐயா. இப்பிடியே நல்லம்."

இன்ஸ்பெக்டர் ஈயின் தீமைகளை மறுபடியும் சொன்னார். முடிவில், பெண்களையும் பேசவைக்க வேண்டும் என்ற கடமையுணர்ச்சியோடு, முன்வரிசையைப் பார்த்து, "அம்மா சொல்லுங்க, ஈ எங்க இருந்து வருது?" என்றார்.

"என்ன கேள்வி தம்பி இது? உமக்கு மூக்கில்லையோ?" என்றார் மாமியார். "வாடியில போய்ப் பாரும். குடலைக் குழி வெட்டி மூடச் சொல்லி எத்தினை மாசமாச் சொல்றன். மகளிட்டச் சொன்னன். ஒரு குழி இல்லை."

விதானையார் மண்டபத்துச் சுவரில் தொங்கிய திருக்குடும்பப் படத்துக்குப் பக்கமாகத் திரும்பினார். "மழை கழிய வெட்டலாம் எண்டு இருந்தது" என்று சுவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"சுவர் என்ன சொல்லுது?" என்று மாமியார் சத்தமாகக் கேட்டார்.

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அது ஆண்கள் பக்கம் பரவியது. அப்போது வாசலோரத்தில் மாமா எழுந்தார். "ஓம், வாடிதான்! வாடியில இருந்துதான் வருது! நான் போன கூட்டத்திலயே சொல்ல இருந்தனான்!" கண்டக்குழியில் ஆட்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதோடு நின்றிருந்தால் நல்லது. விதானையார் வேலியை அரை முழம் தள்ளிப் போட்டது, கோயில் கிணற்றுக் கயிற்றை எடுத்துப்போய்த் தராதது, மாமாவின் கலியாணத்துக்கு வந்து இரண்டாந்தரம் சோறு கேட்டது எல்லாவற்றையும் சொன்னார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஒவ்வொருவரும் போன கூட்டத்திலேயே சொல்ல இருந்தவர்கள்தான். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். எதை எழுதுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதினார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "எரிக்கப்போற ஈயை ஒருக்காக் காட்டு, பார்ப்பம்."

போத்தலையும் கைக்கண்ணாடியையும் கொடுத்தேன். போத்தல் அவர் கையிலிருந்து விழுந்தாலும் முடிவு அதேதான்.

"கண் நல்ல வடிவா இருக்கு, பூப்போட்ட சீத்தைச் சீலை மாதிரி. இது கருவாட்டில இருக்குமோ?"

"இருக்காது, மாமி. கனிஞ்ச பழமும் கள்ளு மணமும் இருந்தா அந்த இடத்தை விட்டு அசையாது."

"அப்ப எங்கட ஆம்பிளையள் மாதிரி" என்று போத்தலைத் திருப்பித் தந்தார். "அவங்களை ஒருத்தரும் எரிக்கயில்லை. இதுவும் இருக்கட்டும்."

விதானையார் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். என் ஈக்கள் அப்படித்தான் தப்பின. விஞ்ஞான ஆதாரம் எதையும் யாரும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டரின் அறிக்கையைப் பிறகு பார்த்தேன். விதானையாரின் சீரிய முயற்சியினால் ஊரில் ஈ ஒழிப்பு வேலை தொடங்கிவிட்டது என்று இருந்தது. வாடியில் குழி வெட்டினார்கள். மாமியார் வந்து பார்த்துப் போனதும் அது மெல்ல மெல்ல மணலால் நிறைந்தது. மண்டபத்தில் கதிரைகளை யாரோ பழைய இடத்துக்கே மாற்றிவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் மாமா காற்றைப்பற்றிக் கதைத்தாராம். சூப்பில் ஈ விழுந்த அதிகாரி திருகோணமலைக்கு மாற்றலாகிப் போனார். அத்தோடு ஈயும் ஒரு பிரச்சினையாக இல்லாமல் போயிற்று. ஈ மட்டும் இருந்தது.

வேறொரு கட்டடத்தில் ஆய்வுகூடம் திறக்கிறது என்று தகவல் வந்ததும் நான் புறப்பட்டேன். மாமா புத்தளம் வரைக்கும் கூட வந்தார். கற்பிட்டித் துறையில் வள்ளத்தில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மாமா பக்கத்துப் பலகையில் இருந்து, வள்ளம் முழுவதும் கேட்க, சனிக்கிழமைக் கூட்டத்தில் தான் எழுந்து சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் இன்னும் முன்வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். வள்ளத்தின் கட்டை அவிழ்க்கும் நேரம், "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று ஒரு குரல். விதானையார் சால்வையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார். மாமாவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அங்கே குந்தி, முழங்கை படும்படி சாய்ந்தார்.

"என்ன, ஏதோ கதை நடக்குது?"

"காத்து..." என்று தொடங்கினார் மாமா.

போத்தல்களுக்குள் ஈக்கள் நன்றாக இருந்தன. கண்ணிலும் சிவப்புப் போதுமான அளவு இருந்தது. நான் எழுந்தேன். "வெயில் படுது, கொஞ்சம் தள்ளுங்கோ" என்று சொல்லி, பெட்டியோடு இருவருக்கும் நடுவில் போய் இருந்தேன். ஈப் பெட்டி என்று தெரிந்ததும் விதானையார் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனார்.

வள்ளம் களப்பு நடுவுக்கு வந்தது. பிறகு மாமா தொண்டையைச் செருமினார்.

"காத்து எண்டா," என்றார் மெதுவாக, "வாடிப் பக்கமிருந்து வாற காத்தைத்தான் சொன்னனான்."